சிவந்த பனிவிழுது

அத்தியாயம் ஆறு

"டேய் இஸ்மார், ஒரு இன்ஸ்பெக்டரை அறைஞ்சா எத்தனை வருஷம்டா போடுவாங்க?"

"கன்னத்தைப் பொறுத்தது அக்கா. அந்தக் கன்னத்துக்கு ரெண்டு பேர் சேர்ந்து அறையணும். தண்டனையையும் பாதியாப் பிரிச்சுக்கலாம்."

புருல் அக்கா சிரிக்கவில்லை. காரின் கதவை அவள் சாத்திய வேகத்தில் கூரையிலிருந்த பனி மொத்தமும் என் கழுத்துக்குள் இறங்கியது. நேற்று மாலை சைரா கைதான செய்தி வந்ததிலிருந்து இப்படித்தான். என் குழாய்ச் சாமான் கடையின் பின்னறைதான் அவளுடைய துப்பறியும் அலுவலகம். அங்கே அவள் உடைத்த தேநீர்க் கிண்ணங்களை நான் எண்ணவில்லை. எண்ணினால் எனக்குக் கோபம் வரும். இருவரில் ஒருவராவது நிதானமாக இருக்க வேண்டும்.

எங்கள் கராகோல் ஊரின் கடைசிச் சந்தில் கடைசி வீடு. முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். அதற்குள் சைராவின் மாமனார் ஒமுர்பெக் பெரியவரின் உடல். பெண்கள் ஒப்பாரி வைக்கும் குரல் கம்பளியைத் தாண்டி வந்தது. வாசலில் இன்ஸ்பெக்டர் தாலந்த் ஒரு பக்கக் கன்னத்தில் போர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டை அடக்கிக்கொண்டு நின்றான்.

"வாங்க மேடம். துக்கம் விசாரிக்க வந்தீங்களா, துப்பு விசாரிக்க வந்தீங்களா?"

"உன்னை விசாரிக்க வந்தேன். ஆறு வயசுக் குழந்தையோட அம்மாவை எதை வச்சுடா உள்ளே தள்ளினே?"

தாலந்த் ஒரு காலத்தில் அக்காவிடம் தொழில் கற்றவன். அவள் போலீஸை விட்டு வெளியே வந்த அன்றே கற்றதையெல்லாம் பத்திரமாக மறந்துவிட்டான்.

"கேஸ் ரொம்ப சுலபம் மேடம். சைரா சாயங்காலம் பாய்லருக்குக் கரி போட்டா. கரி மிச்சமாகட்டும்னு புகைத் தகட்டை மூடினா. காய்ச்சல்ல கிடந்த பிள்ளையைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. புகை வெளியே போக வழியில்லாம பக்கத்து அறைக்குள்ள இறங்குச்சு. மாமனார் தூக்கத்துலயே போயிட்டார். காலையில அவரோட தம்பி மகன் எமில்தான் பார்த்திருக்கான்."

"தகட்டைத் திறந்து வச்சுட்டுத்தான் போனேன்னு அவ சொல்றாளே."

"எந்தக் கொலைகாரி மூடினேன்னு சொல்லுவா? அதோட, பெரியவர் வீட்டை அவ பேருக்கு எழுதப் போறதா இருந்தார். அவசரம் மேடம், அவசரம்!"

"எழுதறதுக்கு முன்னாடி கொன்னா வீடு எப்படிடா அவளுக்குப் போகும்? ஆண் வாரிசுன்னு எமிலுக்குல்ல போகும்?"

தாலந்தின் கன்னத்தில் போர்சோக் நின்றது. பிறகு மறுபடி அசைந்தது. சிந்தனை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது என்று அர்த்தம்.

"மதியத் தொழுகை முடிஞ்சதும் அடக்கம். மண்ணு விழுந்ததும் சைரா பெரிய ஜெயிலுக்குக் கிளம்பிடுவா. குழந்தை விடுதிக்கு. அதுக்குள்ள ஏதாவது கிடைச்சா சொல்லுங்க."

அக்கா அவனைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

கூரை விளிம்பு நெடுக பனிவிழுதுகள் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் கண்ணாடி மாதிரி. ஒன்று மட்டும் என் முழங்கை கனத்தில், கடுந்தேநீர் நிறத்தில் சிவந்திருந்தது.

"யாரோ கூரை மேல உக்காந்து டீயைக் கொட்டியிருக்காங்க அக்கா."

"வாயை மூடு."

ஆனால் அவள் நின்றுவிட்டாள். பார்த்தாள். நானும் பார்த்தேன். அடுத்த கணம் இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். நல்ல சரக்கைக் கண்டதும் முகத்தைக் காட்டக் கூடாது. சந்தையில் பிறந்தவனுக்கு இது தாய்ப்பாலோடு வருவது. அக்காவுக்கு நான் கற்றுக்கொடுத்தேன், இலவசமாக.

பாய்லர் அறை வீட்டோடு ஒட்டிய சிறு கொட்டில். ஒரு பக்கம் கரிக் குவியல். நடுவில் இரும்புப் பாய்லர். அதிலிருந்து புகைக்குழாய் மேலே போகிறது. குழாயின் கழுத்தில் கைப்பிடியோடு ஒரு தகடு. இந்தப் பக்கம் திருப்பினால் புகைக்கு வழி. அந்தப் பக்கம் திருப்பினால் அடைப்பு. நெருப்பு முழுக்க அணைந்த பிறகு சூடு வெளியே போகாமல் இருக்க மூடுவார்கள். அணைவதற்கு முன் மூடுகிற கஞ்சர்களை ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் ஊர் கல்லறைக்குத் தூக்கிப் போகிறது. சைராவின் மேல் பழி அவ்வளவு லேசாக ஒட்டிக்கொண்டதும் அதனால்தான்.

"இந்த பம்பு உன் கடைச் சரக்கா?" என்றாள் அக்கா.

"ஆமாம். போன இலையுதிர்காலத்துல பெரியவர் பழைய தடிக்குழாயெல்லாம் பிடுங்கி எறிஞ்சுட்டு, மெலிசான பிளாஸ்டிக் குழாய் போட்டார். அழகா இருக்குமாம். பம்பு விலையைக் குறைக்கச் சொல்லி எங்க தாத்தாவோட நட்பையெல்லாம் இழுத்தார். எங்க தாத்தாவுக்கு அவரைத் தெரியவே தெரியாது."

தாலந்த் கொட்டாவி விட்டான். "குழாய் மெலிசா இருந்தா என்ன, தடியா இருந்தா என்ன?"

"அண்ணே, பழைய குழாயில சுட்ட தண்ணி லேசாகித் தானா மேலே ஏறும். ரேடியேட்டர்ல சூட்டை விட்டுட்டு, ஆறிக் கனத்து, சரிவுல இறங்கிப் பாய்லருக்கே திரும்பி வரும். மலை மேய்ச்சல்லேருந்து இறங்கி வர ஆடு மாதிரி. மேய்ப்பன் தேவையில்லை. இந்த மெலிசுக் குழாய்ல தண்ணி கழுதை. பம்பு பின்னாலேருந்து தள்ளினாத்தான் நகரும். பம்பு கரண்ட்ல ஓடுது. கரண்ட் போச்சுன்னா கழுதை படுத்துடும். பாய்லர் கொதிக்கும், ரேடியேட்டர் சில்லுனு கிடக்கும்."

"அன்னைக்கு ராத்திரி கரண்ட் போச்சே," என்றான் தாலந்த், தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே. "இந்தச் சந்து முழுக்க. விடியறப்பதான் வந்துச்சு."

"சைரா கிளம்பினப்போ?" அக்காவின் குரல் தணிந்தது. அவள் குரல் தணிந்தால் நான் ஓரடி பின்வாங்குவது வழக்கம்.

"விளக்கு எரிஞ்சுது. எதிர்வீட்டுக்காரர்தான் தன் கார்ல கொண்டுபோய் விட்டார். அவர் திரும்பி வந்து காரை நிறுத்தும்போது கரண்ட் போச்சாம்."

"அதுக்கப்புறம் இந்த வீட்டுல யார் யார்?"

"பெரியவர். எமில். அவ்வளவுதான்."

"வா, எமிலைப் பார்க்கலாம்."

உள்ளே தரையில் நீளத்துக்கு விரிப்பு. அதன் மேல் ரொட்டி, வெண்ணெய், குதிரை இறைச்சி. சுற்றிலும் உறவினர்கள். வாசலுக்கு நேர் எதிரே, மரியாதை இடத்தில், எமில் மெத்தைகளின் மேல் சாய்ந்திருந்தான். தலைநகர் பிஷ்கெக்கில் ஃபிளாட்டில் வளர்ந்தவன். சவரம் செய்த சோகம் முகத்தில். பக்கத்தில் பெரியவரின் தங்கை காலிபா.

"இங்கே எதுக்கு வந்தே?" என்று காலிபா அக்காவைப் பார்த்துக் கத்தினாள். "அந்தச் சூனியக்காரிக்கு வக்காலத்தா? என் அண்ணன் மகனை முழுங்கினா, இப்ப அண்ணனையும் முழுங்கிட்டா!"

"உங்க அண்ணன் மகன், அவ புருஷன், மாஸ்கோவுல சாரம் சரிஞ்சு செத்தான். அந்தச் சாரத்தைச் சைராவா கட்டினா? அவன் செத்த பிறகும் உங்க அண்ணனுக்குக் கஞ்சி ஊத்தினது யாரு? நீங்களா? உங்களை இந்த வீட்டுல கடைசியாப் பார்த்தது எந்தக் கல்யாணத்துல?"

யாரோ ரொட்டியைத் திரும்ப வைத்தார்கள்.

அக்கா எமிலின் எதிரே உட்கார்ந்தாள். "தம்பி, நீ எந்த அறையில படுத்தே?"

"கடைசி அறையில மேடம்."

"புகை உன்னை ஒண்ணும் பண்ணலையே."

"தலைவலி மட்டும்தான். ஜன்னல் திறந்திருந்துச்சு. கடவுள் காப்பாத்தினார்."

"துப்பினா தரையில விழறதுக்குள்ள உறையுற குளிரு. ஜன்னலை யாரு திறந்தா? கடவுளா?"

"நான்தான். ரேடியேட்டர் அப்படிக் கொதிச்சுது மேடம். பனியனோட படுத்திருந்தேன். எங்க ஃபிளாட்லயும் குளிர்காலம் முழுக்க இப்படித்தான். திறந்து வச்சாத்தான் தூக்கம் வரும்."

அது உண்மை. பிஷ்கெக்கின் ஃபிளாட்டுகளுக்கு எங்கோ ஒரு நகராட்சி ஆலையிலிருந்து சூடு வருகிறது. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஊரே ஜன்னலைத் திறந்து தெருவைக் குளிர்காய வைக்கும். ஆனால் எங்கள் சந்தில் ஒவ்வொரு கரிக்கட்டியும் முதுகில் ஏறி வருவது. ஜனவரியில் ஜன்னலைத் திறப்பவனை டாக்டரிடம் கூட்டிப் போவோம்.

"அன்னைக்கு ராத்திரி கரண்ட் இல்ல தம்பி."

"அதனால என்ன? இருட்டுலதானே தூங்கறோம்."

"கரண்ட் இல்லன்னா பம்பு ஓடாது. பம்பு ஓடலைன்னா உன் கடைசி அறைக்குச் சூடு வராது. உன் ரேடியேட்டர் ஐஸா கிடந்திருக்கும். ஐஸா கிடந்த அறையில, ஜனவரி மாசத்துல, ஜன்னலை எதுக்குடா திறந்தே?"

எமிலின் கிண்ணம் பாதி வழியில் நின்றது. ஃபிளாட்டுக்காரனுக்குப் பம்பு என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

அப்போதுதான் என் நாக்கு புரண்டது.

"ஆனா அக்கா, பம்புக்குப் பக்கத்துல நேர்வழியா ஒரு வால்வு வச்சுக் கொடுத்தேனே. கரண்ட் போனா அதைத் திறந்துவிட்டாப் போதும், தண்ணி மெல்லமாவாவது தானா சுத்தும். யாராவது திறந்திருந்தா..."

"இஸ்மார்!"

அவள் கிண்ணம் என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் உடைந்தது.

"நீ யாருக்குடா வேலை பாக்குறே? எனக்கா, இவனுக்கா? நேத்துலேருந்து நூல் கோத்துக்கிட்டு வரேன், ஒரே வார்த்தையில அறுத்துட்டியே! பழைய வால்வு விக்கிறவனைப் பக்கத்துல வச்சுக்கிட்டேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்!"

"உண்மையைத்தானே அக்கா..."

"உண்மை! உன் கடையில எந்தச் சரக்குடா உண்மை?"

எமில் நிமிர்ந்து உட்கார்ந்தான். தண்ணீரில் தத்தளித்தவன் கையில் கயிறு பட்டதும் முகம் எப்படி மாறுமோ அப்படி.

"ஆமா மேடம்! அந்த வால்வு! மறந்தே போயிட்டேன். கரண்ட் போனதும் குளிர ஆரம்பிச்சுது. நான்தான் போய்த் திறந்தேன். பம்புக்குப் பக்கத்துல இருக்கே, அதுதான்."

"பாய்லர் அறைக்குள்ள போனியா?"

"போனேன். செல்போன் வெளிச்சத்துல."

"புகைத் தகடு எப்படி இருந்துச்சு? திறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?"

அவன் யோசித்தான். விலையைக் கணக்குப் போடும் கண்கள் எனக்குப் பழக்கம். திறந்திருந்தது என்றால் சைரா தப்பித்தாள். மூடியிருந்தது என்றால் சைரா தொலைந்தாள்.

"மூடியிருந்துச்சு மேடம். அது என்னன்னே அப்ப எனக்குத் தெரியாது. ஃபிளாட்ல வளர்ந்தவன். தெரிஞ்சிருந்தா பெரியப்பாவைக் காப்பாத்தியிருக்க மாட்டேனா?" குரல் உடைந்தது. நல்ல நடிகன்.

"கேட்டீங்களா!" என்று காலிபா மார்பில் அடித்துக்கொண்டாள். "மூடியிருந்துச்சாம்! மூடிட்டுத்தான் போயிருக்கா பாவி!"

தாலந்த் மகிழ்ச்சியில் பெல்ட்டை மேலே இழுத்தான். "மேடம், என் கேஸை நீங்களே முடிச்சுக் கொடுத்துட்டீங்க."

"முடிச்சுட்டேன்," என்றாள் அக்கா. கோபம் எங்கோ உள்ளே இறங்கி உறைந்திருந்தது. "நல்லாக் கேட்டுக்கோ. கரண்ட் போன பிறகு வால்வு திறந்திருந்துச்சு. தகடு மூடியிருந்துச்சு. ரெண்டும் இவன் வாயால சொன்னது, இத்தனை பேர் முன்னால. எல்லாரும் வெளியே வாங்க. நீயும்தான் எமில். கோட்டைப் போட்டுக்கோ, நீ குளிர் தாங்க மாட்டியே."

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். என் அப்பா சந்தையில் தர்பூசணி விற்றவர். அழுகல் பழத்தை ஒருவன் தலையில் கட்ட வேண்டுமென்றால் என் சித்தப்பா அதை எடுத்து நீட்டுவார். அப்பா உடனே, "அதை ஏண்டா எடுத்தே, அது நம்ம வீட்டுக்கு வச்சதுடா!" என்று அவரைத் திட்டி அடிக்கப் போவார். வாங்க வந்தவன் பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். வரும் வழியில் காரிலேயே இதை ஒத்திகை பார்த்துவிட்டோம். நீட்ட வேண்டிய பழம் வால்வு என்பதுதான் பாய்லர் அறையில் முடிவானது. கிண்ணம் மட்டும் ஒத்திகையில் இல்லை.

முற்றத்தில் ஒருவன் மண்வெட்டியோடு பனிவிழுதுகளைத் தட்டிக்கொண்டு வந்தான். உடலைத் தூக்கும்போது யார் தலையிலாவது விழக் கூடாதே என்ற நல்லெண்ணம். சிவந்த விழுதுக்கு இன்னும் ஒரு கை தூரம்.

"நிறுத்துய்யா!" என்று கத்திக்கொண்டு அவன் மேல் பாய்ந்தேன். இருவரும் பனியில் உருண்டோம். எழுந்து, விழுதின் நுனியை ஒடித்துத் தாலந்திடம் நீட்டினேன்.

"நக்கிப் பாருங்க அண்ணே."

"என்னடா விளையாட்டு?"

"நக்குடா!" என்றாள் அக்கா.

நக்கினான். முகம் சுளித்தான். "துரு."

"கூரைப் பனி உருகினா கண்ணாடி மாதிரி இருக்கும். இது பாய்லர் தண்ணி. பழைய இரும்பு ரேடியேட்டர்களைக் கழுவிக் கழுவிச் சிவந்த தண்ணி." அக்கா மேலே காட்டினாள். "பரண்ல ஒரு சின்னத் தொட்டி இருக்கு. தண்ணி சூடாகி வீங்கினா அதுல ஏறும். கொதிச்சுப் பொங்கினா அதோ அந்தக் குழாய் வழியா வெளியே கொட்டும். கொட்டி, உறைஞ்சு தொங்குது. தாலந்த், பாய்லர் எப்படா பொங்கும்?"

தாலந்த் விழுதை மறுபடி நக்கினான், அக்காவே தொடர்ந்தாள்.

"நெருப்பு கொழுந்து விட்டு எரியணும். தண்ணி நகராம நிக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் பொங்கும். கரண்ட் போகிற வரைக்கும் பம்பு ஓடுச்சு, தண்ணி நகர்ந்துச்சு. அப்ப பொங்கலை. பொங்கினது கரண்ட் போன பிறகு. அப்போ சைரா இங்கே இல்ல. அவ தகட்டை மூடிட்டுப் போயிருந்தா நெருப்பு மூச்சு முட்டி மங்கியிருக்கும், ஒரு சொட்டுக்கூடப் பொங்கியிருக்காது. அவ திறந்து வச்சுட்டுத்தான் போனா. அவ சொன்னது சத்தியம்."

ஒப்பாரிக் குரல் நின்றிருந்தது. கூடாரத்திலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்புறம் இவர்." அக்கா திரும்பினாள். "வால்வைத் திறந்தாராம். திறந்திருந்தா தண்ணி ஓடியிருக்கும், பொங்கியிருக்காது. தகடு மூடியிருந்துச்சாம். மூடியிருந்தா நெருப்பே இருந்திருக்காது. ரெண்டு வார்த்தை சொன்னான், ரெண்டும் பொய். வால்வு இவனுக்குத் தெரியுமாம், அதுக்கு ஒரு கை மேல இருக்கிற தகடு தெரியாதாம்! நெருப்பு நல்லா எரிஞ்சுக்கிட்டிருக்கும்போது தகட்டை மூடினது யாருடா? வீட்டுல ரெண்டே பேரு. ஒருத்தர் கூடாரத்துக்குள்ள படுத்திருக்கார்."

எமில் பின்வாங்கினான். பின்னால் மண்வெட்டிக்காரன் நின்றிருந்தான்.

"பயந்துட்டேன்!" என்று திடீரென்று அலறினான் எமில். "பாய்லர் உறும ஆரம்பிச்சுது! குழாயெல்லாம் டம டமன்னு அடிச்சுக்கிச்சு! வெடிச்சுடும்னு பயந்து, நெருப்பு அடங்கட்டும்னுதான் மூடினேன்! தெரியாம நடந்துபோச்சு! சத்தியமா தெரியாது!"

கூட்டம் முணுமுணுத்தது. காலிபா அவன் பக்கம் ஓடினாள். "பாவம், பட்டணத்துப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்..."

கைக்கு வந்த சரக்கு நழுவுகிறது. தெரியாமல் செய்த பிழை என்று நாலு பேர் தலையாட்டினால் இவன் இரவு விருந்துக்குள் வீடு திரும்பிவிடுவான்.

அக்கா அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். முகத்துக்கு முகம். மிக மெதுவாகச் சொன்னாள்.

"புகைக்குப் பயந்து மூடலை, வெடிக்கும்னு பயந்து மூடினே. சரி. வெடிக்கும்னு பயந்தவன் பக்கத்து அறையில படுத்திருந்த கிழவரை எழுப்பலையே. அவரை விட்டுட்டு உன் அறைக்கு நடந்து போனே. ஐஸா கிடந்த அறையில கதவைச் சாத்திக்கிட்டு, உன் ஜன்னலை மட்டும் திறந்தே. பயந்தவன் ஓடுவான்டா. நீ படுத்தே. மூச்சு விட ஒரு ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டுப் படுத்தே."

காலிபாவின் கை அவன் தோளிலிருந்து தானாக விலகியது.

தாலந்த் விலங்கை எடுத்தான். கொஞ்சம் மெதுவாகத்தான் எடுத்தான், ஆனாலும் எடுத்தான்.

"அதைப் பூட்டிட்டு, இன்னொண்ணைப் போய்த் திற," என்றாள் அக்கா. "தொழுகைக்கு முன்னாடி அவ இங்கே இருக்கணும். தாமதமாச்சுன்னா இந்தப் பனிவிழுதைக் குத்த நான் இடம் பார்த்து வச்சிருக்கேன்."

உடலைத் தூக்குவதற்குச் சற்று முன் சைரா வந்தாள். கசங்கிய உடை, தலையில் துணி. யாரையும் பார்க்காமல் கூடாரத்துக்குள் போனாள். வழக்கப்படி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து மாமனாருக்காக அழுதாள். அந்த அழுகையை இதுவரை அவளிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தார்கள்.

ஆண்கள் கல்லறைக்குப் போய்த் திரும்பியதும் மறுபடி விரிப்பு, மறுபடி தேநீர். எங்கள் பக்கத்தில் மருமகள் என்றால் வாசலோரம், தேநீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில்தான் இடம். எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சைரா மகளின் கையைப் பிடித்தபடி உள்ளே வந்ததும் பழக்கத்தில் நாலைந்து காலிக் கிண்ணங்கள் அவளை நோக்கி நீண்டன. காலையில் அவளைக் கொலைகாரி என்றவர்களின் அதே கைகள்.

அவள் கிண்ணங்களைப் பார்த்தாள். அவற்றைக் கடந்து நடந்தாள். எமில் சாய்ந்திருந்த மெத்தையை எடுத்து மூலையில் வீசினாள். அந்த மரியாதை இடத்தில் வெறும் தரையில் உட்கார்ந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வீடு ஆறுது," என்றாள். "பாய்லருக்குக் கரி போடணும். யார் போறீங்க?"

அக்கா என் கையைக் கிள்ளினாள், எழுந்திருக்காதே என்று. கடைசியில் காலிபா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கரி வாளியைத் தூக்கிக்கொண்டு கதவு வரை போனாள். அங்கே நின்றாள்.

திரும்பவில்லை. கதவைப் பார்த்தபடியே, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலக் கேட்டாள்:

"அம்மாடி சைரா... அந்தப் புகைத் தகடு, எந்தப் பக்கம் திருப்பினா திறந்திருக்குன்னு அர்த்தம்?"